தப்பு முப்பது செக்கன் சத்தம் இல்லை

எங்க பேண்டில் ஏழு பேர். அதில் இசை படிக்கிறவன் ஒருத்தன்தான், மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கு அவன் நாலு பாணியில் நாலு உருப்படி தயாரிக்கணும். கர்நாடக சங்கீதம், மேற்கத்தேயம், பைலா மூணும் கட்டாயம். நாலாவது சொந்த விருப்பம். அவன் 'தப்பு' என்று எழுதிக் கொடுத்தான். வந்த பதில்: "அதை ஃபியூஷன்ல சேர்த்துக்கோங்க, நடுவுல ஒரு முப்பது செக்கன் போதும். தனிப் பாணின்னு போட ஏலாது." கூடவே இன்னொன்று. சாவு வீட்டு ஞாபகம் வருமாம்.

சரி, பாணி என்றால் என்ன? பைலாவை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கவும் வேணாம், எங்களுக்கும் பைலா உயிர். ஆனால் அது எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயரும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களும் விட்டுப்போன கஃப்ரிஞ்ஞாவிலிருந்து. பொலிஸில் இருந்த வோலி பஸ்தியன் 1940களில் அதற்குச் சிங்கள வரி போட்டுப் பாடினார். குடிகாரப் பாட்டு என்று ஒதுக்கினவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு பைலா இல்லாமல் ஒரு கல்யாண வீடு முடியாது, 6/8 என்று தாளம் எழுதிப் படிப்பிக்கிறாங்க. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் எல்லாரும் தமிழில் பொப் பாடினதும் இந்தத் தாளத்தை நம்பித்தான். எழுதி வைத்த பிறகுதான் பாணி ஆகும் என்றால், எழுதுகிற பேனா யார் கையில் என்பதுதான் கேள்வி.

தப்புக்கு இலக்கணம் இல்லை என்கிறவர்கள் ஒருநாள் லயத்தில் வந்து இருந்து பாருங்க. விடியக்காலையில் ஆளை எழுப்பி பிரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டது பிரட்டுத் தப்பு. சாவுக்கு ஒரு அடி, சாமி ஊர்வலத்துக்கு ஒரு அடி, காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் ஆடுறதுக்கு வேற அடி. உள்ளே படுத்திருக்கிற பாட்டி சத்தத்தை வைச்சே என்ன விசயம் என்று சொல்லிடுவாங்க. எங்க ட்ரம்மர் எட்டு வருசமா ட்ரம்ஸ் அடிக்கிறவன். காமன் கூத்து அடியைப் பிடிக்க மூணு கிழமை எடுத்தான், இன்னும் இரண்டாவது திருப்பத்தில் விழுறான்.

அப்புறம் நெருப்பு. தோல் குளிரில் தொய்ந்தால் தப்பு பேசாது, சருகு கொளுத்திக் காய்ச்சணும். விடுமுறையில் மாத்தளை டவுனில் ஒரு மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். உள்ளே நெருப்பு கூடாது என்றாங்க, அது நியாயம்தான். வெளியே மாமரத்தடியில் காய்ச்சிட்டு ஓடிவந்து அடித்தால், மழை நாளில் ஒரு உருப்படி முடியிறதுக்குள்ளயே சத்தம் இறங்குது. அதனால் தப்பு முதலில் வரணும், காய்ச்சின சூட்டோடு வரணும். நடுவில் முப்பது செக்கன் போதும் என்றவர் ஒரு தப்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர் இல்லை.

உண்மையில் எங்களைத் தடுமாற வைத்தது அந்தப் பதில் இல்லை, நண்பனோட மாமா. ஊரில் தப்பு அடிக்கிறவர். "நான் அடிச்சது போதும். உன்னைப் படிக்க அனுப்பினது இதுக்கா?" என்று கேட்டார். நாங்க வாயடைச்சுப் போனோம். சாவு வீட்டுக்கு வான்னு கூப்பிட்டால் போகணும், கூலி என்று கொடுக்கிறதை வாங்கிட்டு வாசலோடு திரும்பணும். அது வாத்தியம் மட்டும் இல்லை, ஒரு சாதியின் தலையில் கட்டின வேலை. 'சாவு வீட்டு ஞாபகம்' என்று நாசூக்காகச் சொன்னவர்கள் சொல்ல வந்ததும் அந்தச் சாதியைத்தான். 2023இல் மலையக மக்களின் 200 வருசத்துக்குத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, அந்தப் படங்களை உருகி உருகிப் பகிர்ந்தவங்களும் இதில் இருக்காங்க.

சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று தமிழ்நாட்டில் தலித் இளைஞர்கள் பறையை மறுத்திருக்கிறாங்க. அதே பறை அங்கே போராட்ட மேடைக்கும் வந்திருக்கு. சாவு வீட்டுப் பாட்டு என்று தள்ளி வைத்த கானாவை 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் ராக்கோடும் ராப்போடும் மேடை ஏற்றியது. அங்கே கானா தொட்டுக்கிற ஊறுகாய் இல்லை, அதுதான் சோறு. அடிமை வேலையை விடுறதும் அடியை விடுறதும் ஒன்று இல்லை என்று நாங்க மாமாகிட்டச் சொல்லிப் பார்த்தோம். அவருக்கு அது முழுப் பதில் இல்லை, எங்களுக்கும் தெரியும். முதுகில் பட்டது அவருக்கு. ஒருநாள் மாமரத்தடிக்கு வந்து ட்ரம்மரோட இடது கைக் குச்சியை மாத்திப் பிடிக்கச் சொல்லிட்டு, டீ கூடக் குடிக்காமல் போயிட்டார்.

ஆகவே நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு: தப்பு முதல் உருப்படி, ஆறு நிமிசம். அடி கற்றுத் தந்தவர் சம்மதித்தால் அவர் பெயர் நிகழ்ச்சி நிரலில் வரணும், சவுண்ட் சிஸ்டம்காரருக்குக் கொடுக்கிற அதே அளவு காசும் அவருக்குப் போகணும். மண்டபத்துக்குப் பின்னால் சருகு கொளுத்த ஒரு மூலையும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணியும் தாங்க. இல்லை, ஃபியூஷன்தான் என்றால் உங்க பைலாவுக்கும் வேற பேண்ட் பார்த்துக்கோங்க.