பந்தைக் கொடுத்துவிட்டு அளந்து பாருங்கள்!



நம்ம பாலிடெக்னிக்கில் பேஸ்கட்பால் டீமுக்கு ஆள் எடுப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வரிசையாக நிற்க வைப்பார்கள். பந்து கைக்கு வருவதற்கு முன்பே "நீ வா, நீ போ" என்று முடிந்துவிடும். போன வருஷம் எனக்குக் கிடைத்த பதில், "தம்பி, நீ கேரம் ஆடு!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த ஆத்திரத்தில் கூடைப்பந்தின் வரலாற்றைப் புரட்டியபோது கிடைத்த மனிதர்தான் பார்னி செட்ரான். 1891 ஜனவரியில் நியூயார்க்கில் பிறந்த யூதர். அதே ஆண்டு டிசம்பரில்தான் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்து விளையாட்டையே உருவாக்கினார். அதாவது, விளையாட்டைவிட ஆட்டக்காரர் மூத்தவர்!

உயரம் 5 அடி 4 அங்குலம். எடை 55 கிலோ கூட இல்லை. பள்ளியில் "ரொம்பக் குள்ளம்" என்று டீமில் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நடுவட்டத்தில் பந்தை மேலே தூக்கிப் போட்டு, இரண்டு பேரை எகிற விடுவார்கள். 1937 வரை இதுதான் விதி. உயரமானவனுக்குத்தான் லாபம் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பிறகு எப்படி வந்தார்? இரண்டு கதவுகள் திறந்திருந்தன. ஒன்று, அவர் வளர்ந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் இருந்த 'யுனிவர்சிட்டி செட்டில்மென்ட்' என்ற சமூக நல இல்லம். பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தத் தெருக்களில் மைதானம் ஏது? அந்த இல்லத்தில் ஆட இடம் கிடைத்தது. இரண்டாவது, நியூயார்க் சிட்டி காலேஜ். 1847ல் தொடங்கிய அந்தக் கல்லூரி 1976 வரை கட்டணமே இல்லாமல் படிக்க வைத்தது. பள்ளி ஒதுக்கிய செட்ரான், அங்கே ஆடிய மூன்று சீசனிலும் டீமிலேயே அதிகப் புள்ளி எடுத்தார். பின்பு தொழில்முறை ஆட்டக்காரராகி, யூடிகா அணிக்காக ஒரே ஆட்டத்தில் 17 கூடை போட்டார். அதுவும் வளையத்துக்குப் பின்னால் பலகையே இல்லாமல்! 1962ல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்துக் கௌரவித்தார்கள்.

ஆனால் இவர்கள் ஜெயித்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. 1930களில் பால் காலிக்கோ என்ற பிரபல விளையாட்டு எழுத்தாளர், யூதர்களுக்கு இந்த ஆட்டம் வருவதற்குக் காரணம் அவர்களுடைய தந்திர புத்திதான் என்ற பொருளில் எழுதினார். தோற்றால் உடம்பு சரியில்லை, ஜெயித்தால் பிறவிக் குணம்! ராத்திரி பகலாகப் பழகிய உழைப்பு எங்கே போச்சு?

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் வருஷம் டிராயிங் வகுப்பில் கோடு கோணலாகப் போனபோது, "இவங்களுக்கெல்லாம் இது வராதுப்பா" என்று ஒரு குரல் கேட்டது. மினி டிராஃப்டர் என்ற பொருளையே அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன் என்பது அந்தக் குரலுக்குத் தெரியாது. ஹாஸ்டல் நண்பன் தன்னுடையதை ராத்திரியில் இரவல் கொடுத்தான். இரண்டே மாதத்தில் கோடு நேரானது. வராமல் இல்லை நண்பர்களே, கைக்குக் கிடைக்காமல் இருந்தது!

உயரம் பயன்படாது என்று நான் சொல்லவில்லை. உயரமானவன் ஆடட்டும். ஆனால் பந்தைக் கொடுக்காமலே ஒருவனை அளப்பது நியாயமா?

நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இரண்டு. டீம் ஆட்களுக்காக மட்டும் அறையில் பூட்டி வைக்கும் பந்துகளில் இரண்டையாவது தினமும் சாயங்காலம் எல்லோருக்கும் வெளியே விடுங்கள். அடுத்த வருஷத் தேர்வில், ஒரு வாரம் ஆடவிட்டுப் பிறகு ஆளை எடுங்கள். அப்புறமும் நான் தேறவில்லை என்றால், சந்தோஷமாகக் கேரம் ஆடப் போகிறேன்!

சிந்திப்பீர்! செயல்படுவீர்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்