தூக்குவாளியில் போன அசனம்

ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்கிறோம். செய்ததோடு, செய்யாமல் விட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். எதைச் செய்யவில்லை, யாருக்குச் செய்யவில்லை என்று விவரம் கேட்பார் இல்லாததால் அது எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்ச் சபை நாங்கள். ஒருமுறையாவது விவரத்தோடு சொல்லிப் பார்க்கிறோம்.

எங்கள் ஊரில் சவரம் செய்துவந்தவர் இளவயதில் இறந்தபோது, அவருடைய அடைப்பத்தை மனைவி கையில் எடுத்தார். அதுவரை ஊர்ப் பிரசவங்களைப் பார்த்தவர் அந்த அம்மாதான். "பொம்பள கையிலயா?" என்று கொஞ்ச நாள் தாடியோடு திரிந்தவர்கள், டவுன் சலூனுக்கு ஆகும் பஸ் காசைக் கணக்குப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் தலைகள் அவர் கையில்தான் இருந்தன.

சனிக்கிழமை அவருக்கு இடுப்பு நிமிர நேரமிருக்காது. மறுநாள் நாங்கள் மழுமழுவென்று கோயிலுக்குப் போகவேண்டுமே! ஞாயிறன்று அவர் கத்தியைத் தொடமாட்டார். யார் கெஞ்சினாலும் சரி. கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி ஆளை அனுப்பிவிட்டு, விடியற்காலை ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போது ஈரத்தலையோடு வாசலில் நிற்பார். எழுத்துத் தெரியாது. நாங்கள் பாமாலைப் புத்தகத்தில் பக்கம் தேடுவதற்குள் அவர் இரண்டாம் சரணத்துக்குப் போயிருப்பார். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்து, மூத்தவள் இறந்தபின் அவள் பிள்ளைகளையும் அவரே வளர்த்தார். மாலை ஜெபம் முடியாமல் அந்த வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது; மருமகன்மாருக்கும் அதே சட்டம்தான்.

படுக்கையில் கிடந்த எங்கள் தகப்பன்மாருக்கு முடி வெட்டி முகம் மழித்ததும் அவரே. பெற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்ற அறைகளில், பாட்டை முணுமுணுத்தபடி வேலை பார்த்தார். களத்தில் நெல் அளந்து கொடுக்கும் வழக்கம் நின்றபிறகு அதற்கு ஈடாகக் காசைக் கூட்டித் தரவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். "அவ கேக்கலையே" என்று இருந்துவிட்டோம்.

எங்கள் சபையில் சாதி இல்லை என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு அலாதிப் பிரியம். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரை 1910இல் இடித்த கதையை, ஏதோ வேற்று நாட்டுச் சங்கதிபோலச் சொல்வோம். பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டதையும் கூடவே சேர்த்துக்கொள்வோம். எங்கள் கோயிலில் சுவர் இல்லை என்பது உண்மைதான். அந்த அம்மா பின்வாசல் ஓரம், செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே உட்காரச் சொன்னவர் யாருமில்லை; முன்னால் வரச் சொன்னவரும் யாருமில்லை. திருவிருந்துக்குக் கடைசி ஆளாக வந்து முழங்காலிடுவார். அதை அவருடைய தாழ்மை என்று மெச்சினோம். காசு செலவில்லாத மெச்சுதலில் நாங்கள் எப்போதுமே தாராளம்.

அசனப் பண்டிகையில் ஊரே ஒரே பந்தியில் உட்காருவதாகப் பிரசங்கத்தில் வரும். அவர் ஆக்குப்புரையின் பின்பக்கம் தூக்குவாளியை நீட்டி, சோறும் கறிக்குழம்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். எழுபது வயதில் எங்கள் வீட்டு ஏழாம் வகுப்புப் பையனை அவர் "சின்னய்யா" என்றார். பையன் அவரை "ஏ, நீ எப்ப வருவ?" என்றான். அவனைத் திருத்த எங்களில் ஆளில்லை. நாங்களும் அப்படிப் பேசி வளர்ந்தவர்கள்தானே. ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் வேதாகமப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது குருவானவர் மட்டும்தான், அதுவும் சங்கக் காணிக்கை வாங்கும்போது. காணிக்கையில் அவர் ஒரு மாதமும் பாக்கி வைத்ததில்லை. கமிட்டித் தேர்தலுக்காகக் கோர்ட்வரை போன எங்களுக்கு, அவர் பெயரை முன்மொழியலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர்ப் பக்கம், கணவரை இழந்தபின் கத்தியெடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய சாந்தாபாய் யாதவின் கதை வாட்ஸப்பில் வந்தது. சபைக் குழுவில் ஆளுக்கொரு கைகூப்பல் போட்டோம். அப்போது எங்கள் அம்மா கல்லறைக்குப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

கோயில் பிரதிஷ்டையின் நூற்றாண்டு மலரில் மிஷனெரிகள், உபதேசிமார், மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர்கள் எல்லாருடைய படமும் இருக்கிறது. அவர் படமும் இருக்கிறது, அறுபத்தோராம் பக்கத்தில், கோயம்புத்தூரில் சலூன் வைத்திருக்கும் பேரன் பணம் கட்டிக் கொடுத்த விளம்பரத்தில். அந்தப் பேரன் ஊருக்கு வந்தாலும் ஆராதனைக்கு வருவதில்லை. விசாரித்துவரக் கமிட்டி இரண்டு பேரை அனுப்பியது. அவன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறானாம். "அங்க என்னைய பிரதர்னு கூப்பிடுறாங்க" என்றானாம். போனவர்கள் அதற்கு ஒன்றும் சொல்லாமல், இரண்டு வருஷச் சங்கக் காணிக்கை பாக்கியை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு வந்தார்கள். அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்வதா, அவன் பெயரை நீக்குவதா என்பதுதான் அடுத்த கூட்டத்தில் நாங்கள் பேசப்போவது.