பயன் சொல்வார் யார்?

எங்கள் ஊர்க் கோயில்களிலே புராண படனம் நடைபெறும்போது இருவர் அமர்ந்திருப்பர். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார்; மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவார். வாசிப்பவர் எத்துணைக் குரல் வளம் உடையவராயினும், பயன் சொல்பவர் இல்லாவிடின் அச்செய்யுள் கேட்போரின் செவியளவிலே நின்றுவிடும். கச்சியப்பரின் கந்தபுராணம் எழுத்தறியாத கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் சொந்த நூலாக யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் நிலைபெற்றமைக்கு நூலாசிரியரின் புலமை மாத்திரம் காரணமன்று. தலைமுறை தலைமுறையாகப் பயன் சொன்னவர்களின் தொண்டும் காரணமாகும்.

சுகாதாரத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன் புராண படனத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர் வினவலாம். அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேலணையில் என் அயல்வீட்டு ஆச்சி ஒருவருக்கு நேர்ந்ததே என்னை இதனை எழுதத் தூண்டியது.

ஆச்சிக்கு வயது 70ஐக் கடந்திருந்தது. பிள்ளைகள் மூவரும் கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். படலையைத் திறந்தால் முற்றம். முற்றத்தைத் தாண்டினால் பெரியதொரு வீடு. அவ்வீட்டினுள்ளே அவர் ஒருவரே. ஒருநாள் எங்கள் வாசிகசாலைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. தொற்றா நோய்களுக்கான இடர்க்காரணிகளை முன்கூட்டியே இனங்காணும் பரிசோதனை இன்ன நாளில் இன்ன இடத்தில் நடைபெறும் என்பது அதன் சாரம். அவ்விடம் ஆச்சியின் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரமும் இராது. அந்த நாளும் வந்தது. ஆச்சி போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"தம்பி, நானும் வாசிச்சனான். தொற்றாத நோய் எண்டுதானே போட்டுக் கிடக்கு? தொற்றாத வருத்தத்துக்கு நான் ஏன் பயப்பிடோணும்?" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு என் வழியே போனேன். 'ஆச்சி, அது பிறசரும் சீனி வருத்தமும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்பதுதான் அதன் பொருள். ஆளுக்கு வராது என்பதன்று' என்று இரண்டு வாக்கியம் அவ்விடத்திலே நின்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஏழு மாதங்களின் பின் ஒரு விடியற்காலை ஆச்சி கிணற்றடியில் விழுந்து கிடந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் செயலிழந்தது; பேச்சும் போயிற்று. இரத்த அழுத்தம் பல ஆண்டுகளாகவே உயர்ந்திருந்திருக்க வேண்டும் என்றார் வைத்தியர். நூற்றுக்கணக்கான புராணச் செய்யுட்களை மனனமாக வைத்திருந்த அந்த நா, தன் மகனின் பெயரைத் தொலைபேசியிற் சொல்ல இயலாது குழறியதை நான் அருகிலிருந்து கேட்டேன்.

இந்நாட்டில் வைத்திய வசதி இல்லை என்று எவரும் கூற முடியாது. வேலணையில் அரசினர் வைத்தியசாலை உண்டு. ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை உண்டு. இங்கெல்லாம் மருந்துக்குக் கட்டணமில்லை. நோய் வந்தபின் வைத்தியம் செய்வதோடு அமையாது, வருமுன் காக்கும் முறையையும் இலங்கை நெடுங்காலமாகவே கைக்கொண்டு வருகின்றது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. அதனைப் பின்பற்றியே சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது என்போர் ஊர்தோறும் பணியாற்றும் ஒழுங்கு நாடெங்கும் பரவியது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோயால் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறிகொடுத்த இந்நாட்டை, 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. 1930களில் 100,000 பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்டிருந்த தாய்மார் மரணம் அண்மைக் காலத்தில் 30ஐ ஒட்டிய அளவுக்குக் குறைந்துள்ளது. செல்வம் மிகுந்த நாடுகளும் வியந்து நோக்கும் சாதனை இது.

இச்சாதனை எவ்வாறு கைகூடியது? பெரிய வைத்தியசாலைகளைக் கட்டியதனால் மாத்திரம் என்று எண்ணுதல் தவறு. முன்னாளில் மருத்துவமாது என்றும் இந்நாளில் குடும்ப நல உத்தியோகத்தர் என்றும் அழைக்கப்படும் பெண், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுவீடாகச் சென்றாள். எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எப்போது தடுப்பூசி என்பதெல்லாம் அவளது குறிப்பேட்டில் இருந்தன. கிளினிக்குக்கு வராத தாயை அவளே தேடிச் சென்றாள். மாமியார் தடுத்தால் மாமியாரோடும் அமர்ந்து பேசினாள். அரசாங்கம் வாசித்த செய்யுளுக்கு அவளே பயன் சொன்னாள்.

ஆனால் அவ்வொழுங்கு தாயையும் சேயையும் கருதி அமைக்கப்பட்டது. இன்றோ இந்நாட்டில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை இருதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் விளைபவை. இதனை உணர்ந்தே 2011ஆம் ஆண்டு தொடக்கம் சுகவாழ்வு நிலையங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. 35 வயதைக் கடந்த எவரும் அங்கே சென்று இரத்த அழுத்தத்தையும் சீனியையும் நிறையையும் பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்கென 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகளும் உள்ளன. செய்யுள் நன்றாகவே இயற்றப்பட்டிருக்கிறது. ஆயினும் சுகவாழ்வு நிலையத்துக்கு வருவோரிற் பெரும்பாலார் பெண்களே. காலையில் அது திறந்திருக்கும் வேளையில் ஆண்கள் தோட்டத்திலோ கடலிலோ கந்தோரிலோ இருக்கின்றனர். தனித்து வாழும் முதியோரோ, உடலில் நோவு தெரியாதவரை வைத்தியரிடம் போவதில்லை என்ற கொள்கையுடையோர்.

இங்கேதான் இந்நோயின் வஞ்சனை இருக்கிறது. உயர் இரத்த அழுத்தம் நோவு தருவதில்லை. 'தலையிடி இல்லை, ஆகவே பிறசர் இல்லை' என்பது எங்களூரில் வழங்கும் பெரும் பிழை. அழுத்தம் 140க்கு 90 என்ற எல்லையைத் தாண்டி ஆண்டுக்கணக்காக நிற்கும்போதும் மனிதன் நன்றாகவே உண்கிறான், உறங்குகிறான். உள்ளே நாடிகளின் சுவர் மாத்திரம் சிறிது சிறிதாகக் கெடுகின்றது. கையிற் பட்டியைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் அறியக்கூடிய ஒன்றை, கிணற்றடியில் விழுந்த பின்னரே அறிகின்றோம். உப்பின் செய்தியும் அத்தகையதே. ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் இன்றி உணவு இறங்காத தீவகத்தாருக்கு இதனை யார் எடுத்துச் சொன்னார்?

தீவகத்தின் நிலைமை தனித்தன்மை உடையது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போரில் எங்கள் ஊர்கள் வெறுமையாயின. மீண்டு வந்தவர் சிலர், வராதவர் பலர். இளையோர் பாரிசிலும் தொரன்ரோவிலும் இலண்டனிலும் வாழ, முதியோரே பல வீடுகளுக்குக் காவலாயினர். நாடெங்கும் இலவசமாக ஓடும் 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டு வடக்குக்கும் வந்தது. அதனை அழைக்கும் இலக்கம் 1990. ஊரைவிட்டு ஓடிய ஆண்டையே எண்ணாகக் கொண்ட ஓர் இலக்கத்தைத் தீவகத்தார் மறப்பதற்கு நியாயமில்லை. ஆயினும் ஆச்சி விழுந்த அன்று அவ்விலக்கம் அங்கு கூடிநின்ற எங்களில் எவர் நினைவுக்கும் வரவில்லை. அயலிலே முச்சக்கர வண்டி தேடி அலைந்தோம். பண்ணைப் பாதையால் தரைவழித் தொடர்புடைய வேலணையிலேயே இந்நிலையென்றால், குறிகட்டுவானுக்கு அப்பாலே, படகை நம்பி வாழும் நயினாதீவு, நெடுந்தீவு மக்களின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

அறிவித்தல்களின் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணியாற்றிய சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், முதலில் ஆங்கிலத்திலேயே மாணாக்கருக்கு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடி வெளியே போக, கிராமத்தில் வைத்தியர் இல்லாதிருப்பதைக் கண்டு, 1860களில் தமிழிலே கற்பிக்கலானார். 'இரண வைத்தியம்' முதலிய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். நோயாளியின் மொழியைப் பேசும் வைத்தியனே நோயாளியின் ஊரில் தங்குவான் என்பதை அப்பெரியார் உணர்ந்திருந்தார். அவர் தொடக்கிய மரபில் வந்த கலைச்சொற்களை நான் குறைகூறவில்லை. பாடநூலில் 'இடர்க்காரணி'யும் 'உடற்றிணிவுச் சுட்டி'யும் இருக்கத்தான் வேண்டும். ஆனால் சுவரில் ஒட்டும் அறிவித்தல் பாடநூலன்று. 'உங்களுக்கு 35 வயதாகிவிட்டதா? பிறசரும் சீனியும் பார்க்க வாருங்கள், காசில்லை, அரை மணித்தியாலம் போதும்' என்று எழுதினால் தமிழ் தாழ்ந்துவிடுமா? மனிதருக்கு விளங்குவதற்காகவே மொழி தோன்றியது. இதனைப் பிறர்க்குக் கற்பிக்கும் தமிழாசிரியர்களாகிய நாமே, எங்களூர்ச் சுவரில் அதற்கு மாறானதைக் கண்டும் வாளாவிருக்கின்றோம்.

அயலார் என்ன செய்கின்றனர் என்பதையும் நோக்குவோம். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோரின் வீட்டுக்கே ஊழியர் சென்று பரிசோதித்து மருந்து கொடுக்கின்றனர். கேரளத்திலோ, படுக்கையில் வீழ்ந்தோரையும் தீராநோயாளரையும் பேணும் பொறுப்பில் அயல்வாழ் மக்களே பங்கேற்றனர். தொண்டர்கள் முறைவைத்து வீடுகளுக்குச் சென்றனர். 2008ஆம் ஆண்டு அம்மாநில அரசு அப்பணியைத் தன் கொள்கையாகவே ஏற்றது. முன்னையது அரசு மக்களைத் தேடிய முறை. பின்னையது மக்கள் மக்களைத் தேடிய முறை. எங்களுக்கு முன்னையது வரும்வரை பின்னையதற்குத் தடையேதுமில்லை.

தீவகத்தில் வைத்தியர் குறைவாக இருக்கலாம். சனசமூக நிலையங்களுக்குக் குறைவில்லை. கோயில்களுக்கும் பாடசாலைகளுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் குறைவில்லை. ஒவ்வொரு சனசமூக நிலையமும் தன் எல்லைக்குள் தனித்து வாழும் முதியோரின் பெயரை ஒரு கொப்பியில் எழுதட்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆண்களும் வரக்கூடிய வேளையில், பரிசோதனைக்கு ஒழுங்கு செய்யட்டும். நடக்க இயலாதவருக்கான முச்சக்கர வண்டிக் கூலியைக் கடல் கடந்த ஊர்ச் சங்கங்கள் ஏற்கட்டும். கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் இது ஒரு சிறு துளி. உயர்தர வகுப்பு மாணவர் இருவர் இருவராகச் சென்று அறிவித்தலை வாய்மொழியாகச் சொல்லட்டும். சொல்லும் முறையைக் கற்பிப்பது எங்கள் கடமையாகும்.

'வைத்தியர் வேலையில் வாத்தியார் ஏன் தலையிட வேண்டும்?' என்பாரும் உளர். மருந்து கொடுப்பது எம் வேலையன்று. மருந்திருக்கும் இடத்தைக் காட்டுவது எம் வேலை. 1978ஆம் ஆண்டு அல்மா ஆட்டாவிற் கூடிய உலக நாடுகள், தம் சுகாதாரப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என்று அறிவித்தன. மற்றோர் ஆட்சேபம் இதனினும் வலுவுடையது. ஊருக்குள் ஒருவரின் நோய் வெளிப்பட்டால் அது வம்பாகிவிடும் என்பதே அது. அவ்வச்சம் பொய்யன்று, பெண்கள் பலர் கிளினிக்குப் படியேறாமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே, தொண்டு செய்வோர் அழைப்பதோடும் அழைத்துச் செல்வதோடும் நிற்க வேண்டும். பரிசோதனையின் முடிவு நோயாளிக்கும் வைத்தியருக்கும் உரியது. அதனைக் கேட்டறிய முயல்பவன் இப்பணிக்குத் தகுதியற்றவன்.

ஆச்சி இன்றும் இருக்கிறார். கட்டிலில் கிடக்கிறார், பேசுவதைக் கேட்கிறார், இடக்கையை அசைத்து விடை சொல்கிறார். வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் சென்று அவரருகே அமர்ந்து கந்தபுராணம் வாசிக்கிறேன். பயன் சொல்ல வேண்டியதில்லை. செய்யுள் முடியுமுன்னரே அவர் கண்களில் அதன் பொருள் தெரிகின்றது. அவருக்குப் பயன் தெரியாதிருந்தது ஒரேயொரு வாசகத்துக்குத்தான். அது வாசிகசாலைச் சுவரில் இருந்தது. அதனைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.