முடியாமலா, மனமில்லாமலா?

உலகம் உருப்படுமா என்ற கேள்வி தேநீர்க் கடையிலும் கேட்கிறது, ஐ.நா. மன்றத்திலும் கேட்கிறது. போர், நோய், வெள்ளம், அனல் என்று செய்தித்தாளைப் பிரித்தால் நாளுக்கொன்று. "எல்லாம் தலைவிதி" என்று கைகழுவுகிறார் ஒருவர். "விஞ்ஞானம் பார்த்துக்கொள்ளும்" என்று தட்டிக்கழிக்கிறார் மற்றொருவர். இருவர் சொல்வதையும் நாம் ஏற்பதற்கில்லை. மனித குலம் தன் பொதுத் துன்பங்களை எப்படி எதிர்கொண்டது என்பதற்குக் கைவசம் கணக்கு இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் பெரியம்மை. 1967-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 20 லட்சம் உயிர்களைக் குடித்த நோய் அது. அந்த ஆண்டுதான் உலக சுகாதார அமைப்பு அதை ஒழிக்கும் இயக்கத்தைத் தீவிரப்படுத்தியது. அமெரிக்காவும் சோவியத் நாடும் அணுகுண்டைக் காட்டி ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டிருந்த காலம். ஆயினும் 1958-லேயே இந்த யோசனையை உலக அரங்கில் முன்வைத்தது சோவியத் நாடு. கோடிக்கணக்கான தடுப்பு மருந்தை நன்கொடையாக வழங்கியதும் அதுவே. இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவரோ டி.ஏ. ஹெண்டர்சன் என்ற அமெரிக்க மருத்துவர்!

1974-ல் நம் நாட்டில் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பெரியம்மை தாக்கியது. பீகார் தத்தளித்தது. ஊழியர்கள் நோயாளி வரட்டும் என்று மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கவில்லை. அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையிலேந்தி, சந்தையிலும் பள்ளியிலும் குடிசையிலும் "இப்படி யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டுப் போனார்கள். கண்ட இடத்தில் சுற்றியிருந்தோர் அனைவருக்கும் இரு முனை ஊசியால் அம்மை குத்தினார்கள். அடுத்த ஆண்டே, 1975-ல், இந்தியாவில் அந்நோய் அடங்கியது. 1977-ல் சோமாலியாவில் இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 1980 மே மாதம் உலகம் விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தீவிர இயக்கத்துக்கு ஆன செலவு சுமார் 30 கோடி டாலர். போர்விமானங்களுக்குக் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் இது கொசுறு!

இரண்டாவது, ஓசோன் படலம். குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான் புட்டியிலும் அடைத்த வாயு, வானத்துக் கூரையை அரிக்கிறது என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவின் மேலே ஓட்டை தெரிந்தது. 1987-ல் மாண்ட்ரியலில் உடன்பாடு கையெழுத்தானது. "கூரையை அரித்தவர்கள் நீங்கள், பழுது பார்க்கும் செலவு எங்கள் தலையிலா?" என்று இந்தியாவும் சீனாவும் கேட்டன. நியாயமான கேள்வி. 1990-ல் லண்டனில் பணக்கார நாடுகள் தனி நிதி ஒன்றை ஏற்படுத்த ஒப்பின. அதை நிர்வகிக்கும் குழுவில் ஏழை நாடுகளுக்குச் சரிபாதி இடம் தரப்பட்டது. 1992-ல் இந்தியா உடன்பாட்டில் சேர்ந்தது. இன்று அதில் சேராத நாடே இல்லை எனலாம். ஓட்டை மெல்ல மூடிவருகிறது.

இவ்விரண்டு வெற்றிகளிலும் பொதுவாக இருப்பது என்ன? கடைசி மனிதனையும் கணக்கில் சேர்த்தார்கள். வசதி படைத்தவர்கள் செலவை ஏற்றார்கள். இவ்வளவுதான் சூத்திரம்.

இந்தச் சூத்திரத்தைக் கைவிட்ட இடங்களில் நடந்ததைப் பாருங்கள். கொரோனா வந்தது. ஓராண்டுக்குள் தடுப்பூசி கண்டுபிடித்த விஞ்ஞானத்தின் சாதனை பெரிது. மருந்தின் காப்புரிமையை நெருக்கடிக் காலத்தில் தளர்த்துங்கள் என்று 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பிடம் கோரின. 2022 ஜூன் வரை இழுத்தடித்து, தடுப்பூசிக்கு மட்டும் அரைகுறைச் சலுகை தந்தார்கள். 2021 முடியும்போது பணக்கார நாடுகளில் மூன்றாவது ஊசி. ஏழை நாடுகளிலோ பத்தில் ஒருவருக்குக்கூட முதல் ஊசி எட்டவில்லை. இரண்டாம் அலை அடித்தபோது நம் நாடும் ஏற்றுமதியை நிறுத்தியது. நம்மை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் கையைப் பிசைந்து நின்றன. இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பருவநிலைக் கதை இதைவிட நீளம். 1992-ல் ரியோவில் கூடிப் பேசினார்கள். ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம், 2020-க்குள் தருவோம் என்று 2009-ல் கோபன்ஹேகனில் வாக்களித்தார்கள். அந்தத் தொகை முதல்முறையாக நிறைவேறியதே 2022-ல்தான். அதிலும் பெரும்பகுதி கடன்! அதே 2022-ல் பாகிஸ்தானில் வெள்ளம் 3 கோடிக்கும் மேற்பட்டோரின் வாழ்வைக் குலைத்தது. உலகின் கரிப்புகையில் அந்நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. அழிவை ஈடுகட்டும் நிதிக்கு 2023-ல் துபாயில் வாக்களித்த தொகை சுமார் 70 கோடி டாலர். 2024-ல் உலக நாடுகள் ராணுவத்துக்குக் கொட்டிய தொகை 2.7 லட்சம் கோடி டாலர். பணமில்லை என்று இனி எவர் சொன்னாலும் நம்புவதற்கில்லை!

வல்லரசுகளைச் சாடுவதோடு நம் வேலை முடிந்துவிடாது. உலக அரங்கில் ஏழை நாடுகளின் நியாயத்தைப் பேசும் நம் ஆட்சியாளர்கள், அதே நியாயத்தை வீட்டுக்குள் வழங்கினார்களா? 2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. பிழைக்க வந்த ஊரில் கூலியுமின்றி, சோறுமின்றி, குழந்தைகளைத் தோளில் சுமந்து லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். வெளிமாநிலத் தொழிலாளரைப் பதிவு செய்யச் சொல்லி 1979-லேயே சட்டம் இருந்தது. ஆனால் அந்த ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, கணக்கில்லை என்பதே அரசின் பதில். எண்ணப்படாதவன் எப்படிக் காக்கப்படுவான்?

எண்ணினால் காக்கலாம் என்பதற்குச் சான்றும் அதே ஆண்டில், நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவியிலேயே இருக்கிறது. இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் இடம். ஏப்ரல் முதல் நாள் அங்கே நோய் தெரிந்தபோது, இனித் தப்பாது என்றே பலரும் எண்ணினர். மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் மருத்துவர்களும் தொண்டர்களும் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். நோயாளியைப் பிரித்து வைத்து உணவும் மருந்தும் தந்தார்கள். ஜூலை மாதத்தில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். பீகார் கிராமங்களில் பெரியம்மையை விரட்டிய அதே வழிதான்!

ஆகவே நம் தீர்ப்பு இது: மனித குலத்துக்கு அறிவு இருக்கிறது, பணமும் இருக்கிறது, வழியும் தெரிந்திருக்கிறது. பகிரும் மனம்தான் பதவியிலிருப்போரிடம் தானாக வருவதில்லை. கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. 1990-ல் லண்டனில் ஏழை நாடுகள் ஒன்றாக நின்று கேட்டன, கிடைத்தது.

நாமும் கேட்போம். வெயிலில் சாரம் கட்டும் தொழிலாளிக்கு உச்சிப்பொழுதில் கூலியோடு ஓய்வு, வாழும் ஊரிலேயே ரேஷனும் மருத்துவமும், அரசுப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயரும் — இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். பருவநிலை மாநாட்டில் இந்தியா உலகிடம் கேட்கும் நீதியும் இதுவே. அன்பர்களே, உங்கள் குடியிருப்பில் பதிவாகாத தொழிலாளி எத்தனை பேர் என்று இந்த மாதமே எண்ணத் தொடங்குங்கள். பெயர்ப் பட்டியலோடு அதிகாரிகளின் கதவைத் தட்டுவோம்!