புகை அடித்தால் போதுமா?

டிங்கி என்றதும் பள்ளியில் புகை அடிக்கிறார்கள், பெற்றோருக்கு நிம்மதி. ஆனால் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தேங்கிய நீரிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. அந்தப் புழு கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வார இறுதிகளையும் சேர்த்தால் 9 நாள் நீளும் பள்ளி விடுமுறை அதற்குத் தாராளம்! ஏடிஸ் கடிப்பதோ பகலில்.

நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, இடத்தின் உரிமையாளரோ அங்கு இருப்பவரோதான் பொறுப்பு. பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் நிலம் தோட்ட நிறுவனத்துடையது, பள்ளியை நடத்துவது வேறொருவர். அடைபட்ட கூரைத் தண்ணீர்க் குழாயை யார் சுத்தம் செய்வது?

இந்த இழுபறி முடியும்வரை பெற்றோர் ஆசிரியர் சங்கம் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி திறப்பதற்கு முதல் நாள் கூட்டுப்பணி நடத்துவது தாமதம். விடுமுறையின் நடுவிலேயே நான்கு பேர் ஏணியோடு போய், கூரை, பூச்சட்டித் தட்டு, பூட்டிக் கிடக்கும் கழிப்பறைத் தொட்டி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.