தூங்கி எழுந்த அம்பு

எனக்கும் என் லாப்டாப்புக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் இரண்டு பேருக்குமே கொஞ்ச நேரம் கிழக்கு மேற்கு தெரியாது.

நானாவது காப்பி வாசனையை வைத்துச் சமையலறைப் பக்கம் போய்விடுவேன். அதற்கு அந்தப் பாக்கியம் இல்லை. மூடியைத் திறந்ததும் திரையில் இருக்கும் அம்புக்குறி சாமி வந்த மாதிரி ஆடும். டச்பேடில் விரலை வலது பக்கம் தள்ளினால் அது மேலே போகும். மேலே தள்ளினால் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். நான் தொடாமலே எதையாவது திறக்கும், எதையாவது மூடும்.

ஒரு முறை, அறுபதாம் கல்யாணத்துக்கு அழைத்திருந்த நண்பருக்கு 'அவசியம் வருகிறோம்' என்று மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். 'அவசியம்' வரைக்கும்தான் அடித்திருப்பேன். அம்பு ஒரே தாவாகத் தாவி 'அனுப்பு' பட்டனை அமுக்கிவிட்டது. அவர் போன் பண்ணினார்.

"அவசியம்னு மொட்டையா எழுதியிருக்கீங்களே, அவசியமான்னு கேக்கறீங்களா, அவசியமில்லைன்னு சொல்ல வர்றீங்களா?"

என் மனைவியிடம் முறையிட்டேன். "நீங்க தூங்கி எழுந்து நேத்து என்னைப் பாத்து 'நீங்க யாரு வேணும்'னு கேட்டீங்களே, அதைவிடவா?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். மே மாதம் அந்தப் புதன்கிழமை வரும் வரையில்.

* * *

திருநெல்வேலியில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மா, செவ்வாய் ராத்திரி பின்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டாள். வயது எண்பத்து நான்கு. இடுப்பு எலும்பு முறிவு. வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

பணத்துக்கு ஏற்பாடு பண்ண எனக்கு வியாழன் சாயந்தரம் வரை ஆகும். வியாழன் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடிந்ததும் போய் இறங்கி, அம்மாவை உள்ளே கொண்டுபோவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம். பெர்த் எல்லாம் நிரம்பிவிட்டது. தட்கல்தான் கதி. தூங்கும் வசதிப் பெட்டிக்குத் தட்கல் முதல் நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். திறந்த சில நிமிஷங்களில் தீர்ந்தும் போகும். இது உங்களுக்கும் தெரிந்த சோகம்தான்.

பத்தரைக்கே எல்லாம் தயார். குளித்து, திருநீறு பூசி, பக்கத்தில் பேரும் வயதும் எழுதிய சீட்டு. நேரம் இருக்கிறதே என்று மூடியைச் சாத்திவிட்டுத் தம்பியோடு போனில் பேசினேன். 10.58க்கு மூடியைத் திறந்தேன்.

அம்பு ஆட ஆரம்பித்துவிட்டது.

துடைத்தேன். தட்டினேன். முருகா என்றேன். 'ஸ்லீப்பர்' என்ற இடத்தில் வைக்கப் போனால் அது போய் 'வெளியேறு' என்பதை அமுக்குகிறது. மறுபடி உள்ளே போய், மறுபடி ரயிலைத் தேடி, மறுபடி ஆட்டம். கடைசியில் அம்பு ஒரு வழியாக நின்ற இடத்தில் வெயிட்டிங் லிஸ்ட் என்று போட்டிருந்தது. மணி 11.09.

வியாழன் ராத்திரி கிளாம்பாக்கத்தில் ஒரு பஸ்ஸைப் பிடித்தேன். கடைசி வரிசையில் நடு சீட். கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர். சாத்தூர் தாண்டி டயர் பஞ்சர். ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, அம்மாவை உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

தம்பி ஒன்றும் குறையாகச் சொல்லவில்லை. "ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது, பெரியவன் வந்துட்டானான்னு ரெண்டு தடவ கேட்டா" என்று மட்டும் சொன்னான்.

* * *

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கண் விழித்த அம்மா அம்மாவாக இல்லை. என்னைப் பார்த்து, செத்துப்போன மாமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஆற்றுக்குப் போகணும், குடத்தை எடு என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தோளைத் தொட்டு, "அம்மா, நான்தாம்மா... நான் யாரு சொல்லு" என்று உலுக்காத குறையாகக் கேட்டேன். இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் தம்பி மனைவி. ஆளுக்கொரு கேள்வி. அம்மாவின் கண்கள் அங்கும் இங்கும் அலைந்தன.

அந்த நர்ஸ் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "சார், இப்பந்தான முழிக்காங்க. ஆளாளுக்குத் தொட்டுக் கூப்பிட்டா இன்னும் குழம்பிருவாங்க. ஒரே ஒரு ஆள் பக்கத்துல சும்மா இருங்க, போதும்" என்றாள்.

சும்மா இருந்தேன். ரொம்ப நேரம். சாயந்தரம் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எப்பம்லே வந்தே? சாப்பிட்டியா?"

* * *

பத்து நாள் கழித்துச் சென்னைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தச் சண்டாள லாப்டாப்பைத் தூக்கிக் கடாசுவது என்றுதான் வந்தேன். மாடி வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். "கடாசறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கறேன் அங்கிள்" என்று வந்தான்.

"எப்பவும் எப்படித் திறப்பீங்களோ அப்படியே திறந்து காட்டுங்க."

திறந்தேன். மெலிசான லாப்டாப். மூடியைத் தூக்கினால் அடிப்பாகமும் கூடவே எழுந்து வரும். அதனால் இடது கையால் மூடியைத் தூக்கும்போது, வலது உள்ளங்கையால் கீழே அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். பையன் சிரித்தான்.

"எங்க அமுக்கறீங்க பாருங்க."

டச்பேடின் மேல்!

அதற்கப்புறம் அவன் சொன்னதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். டச்பேடுக்குள் எலி, சக்கரம் எதுவும் கிடையாது. அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய உலோகக் கோடுகள் கோலப் புள்ளி மாதிரி ஓடுகின்றன. நம் விரல் பக்கத்தில் வந்தால் அந்த இடத்தில் மின்னேற்றம் இம்மியளவு மாறுகிறது. எங்கே மாறுகிறது என்பதை வைத்து விரல் எங்கே என்று உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போடுகிறது. மாறியது என்று தெரிய, மாறாதபோது எவ்வளவு என்று தெரிய வேண்டும் அல்லவா? அந்த 'சும்மா இருக்கும் அளவை' பல டச்பேடுகள் தூங்கி எழும்போது புதிதாக எடுத்துக்கொள்கின்றன.

மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் புளிப் பொட்டலம் இருக்கும்போதே ஜீரோ பட்டனை அமுக்கினால் என்ன ஆகும்? பொட்டலத்தை எடுத்த பிறகு தராசு மைனஸில் உளறும். அதேதான். நான் உள்ளங்கையை வைத்துக்கொண்டே அதை எழுப்புகிறேன். அது என் கையையே பூஜ்யம் என்று நினைத்துக்கொள்கிறது. கையை எடுத்ததும் பேய் விரல் ஒன்று தெரிகிறது!

"ஓரமாப் பிடிச்சுத் திறங்க. கையை எடுத்துடுங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அப்புறம் தொடுங்க."

எண்ணினேன். தொட்டேன். முக்கால்வாசி சமர்த்தாகிவிட்டது. மீதிக் கால்வாசிக்கு அவன் சார்ஜரைப் பிடுங்கினான். சுத்தமாகச் சரி! குற்றவாளி நம்பர் இரண்டு, என் வீட்டுப் பிளக். மூன்று பின்னில் தடியாக, நீளமாக இருப்பதுதான் எர்த். நான் அதை ஒதுக்கிவிட்டு இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகியிருந்தேன். எர்த் இல்லாவிட்டால் சார்ஜரின் மின் இரைச்சல் டச்பேடு வரை வந்து கணக்கைக் கெடுக்கும். உலோக உடம்புள்ள லாப்டாப்பைத் தடவினால் 'ஜிவ்'வென்று எறும்பு ஊறுவது போல இருப்பதும் இந்தக் கோளாறுதானாம்.

* * *

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அம்பு இருந்தால், பையன் சொன்ன மற்ற வைத்தியங்கள்:

ஈரக் கை, வியர்வைக் கை, தேங்காய் எண்ணெய்க் கை மூன்றும் ஆகாது. டச்பேடில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் அதுவும் விரல்தான் அதற்கு. காய்ந்த துணியால் துடைக்கவும்.

அடுத்தது, 'ஷட்டவுன்' பண்ணிவிட்டேன் என்று ஏமாறாதீர்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று இருக்கிறது. அது பாதி ஞாபகத்தை அப்படியே பத்திரப்படுத்திக்கொண்டு படுக்கும், மறுநாள் அதோடு எழுந்திருக்கும். பழசை மறந்து புதிதாய் எழ வேண்டுமானால் 'ரீஸ்டார்ட்'தான் சரி.

அதற்கும் மசியாவிட்டால் 'டிவைஸ் மேனேஜர்' போய் டச்பேடை ஒரு தடவை டிஸேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்யலாம். லாப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து டச்பேட் டிரைவரைப் புதிதாகப் போடலாம்.

கடைசியாக ஒன்று. இதில் விளையாட்டு இல்லை. லாப்டாப்பைச் சமமான மேஜையில் வையுங்கள். ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடுகிறதா? டச்பேட் மேடாக எழும்பியிருக்கிறதா? அமுக்கினால் கிளிக் ஆக மறுக்கிறதா? பல லாப்டாப்களில் அதற்கு அடியில்தான் பேட்டரி இருக்கிறது. அது உப்பியிருக்கலாம். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள். அமுக்கிச் சமமாக்கப் பார்ப்பதும், ஊசியால் குத்துவதும் வேண்டவே வேண்டாம்.

அம்பே வேண்டாம் என்றால் டேப் கீயைத் தட்டித் தட்டி ஒவ்வொரு கட்டமாக நகரலாம், என்டர் அடிக்கலாம் என்றும் பையன் காட்டினான். 1968-ல் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் முதல் மவுஸை ஊருக்குக் காட்டினார். 1994-ல் ஆப்பிளின் பவர்புக் 500 டச்பேடோடு வந்தது. இத்தனையும் வந்த பிறகு எனக்கு அன்றைக்கு உதவியிருக்கக்கூடியது, டைப்ரைட்டர் காலத்து டேப் கீ! புதன்கிழமை 10.58-க்கு இது தெரிந்திருந்தால்... சரி, விடுங்கள்.

* * *

அம்மா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, நான் ஏன் லேட்டாக வந்தேன் என்று கேட்டாள். அவளுக்குப் புரியும்படி சொல்லலாம் என்று, "தூங்கி எழுந்ததும் டிரைவர் சரியா வேலை செய்யலைம்மா" என்றேன்.

"தூங்குத டிரைவர் வண்டியிலயா வந்தே! ஏலே, அறிவு வேண்டாம்? அந்த பஸ்ல இனிமே ஏறாதே!"

சரிம்மா என்றேன். பிறகு டச்பேட், உள்ளங்கை, பத்து எண்ணுவது எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இதுக்கா இஞ்சினீரு வந்தான்? சின்னப் புள்ளையில நீயும் அப்படித்தான். எழுப்பின உடனே தொட்டா ஊரக் கூட்டிருவே. எழுப்பிப் போட்டுட்டு நான் பாட்டுக்கு அடுப்பு வேலையப் பாப்பேன். நீயே எந்திரிச்சு வருவே."

ஸ்பீக்கரில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அன்றிலிருந்து புது வழக்கம் ஒன்றை ஆரம்பித்திருக்கிறாள். மத்தியானம் நான் கண் விழித்ததும் ஒன்றும் பேசுவதில்லை. தள்ளி நின்று உதட்டை மட்டும் அசைக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று...

பத்து முடிந்ததும்:

"கரண்ட் பில் கட்டிட்டீங்களா?"