விடையை மாணவரே சோதிக்கட்டும்

5 − (க − 3) என்ற கோவையைச் சுருக்கச் சொன்னால் 2 − க என்று எழுதும் மாணவர்கள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. (பாடநூலின் எக்ஸ்தான் இங்கே க.) அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே இருக்கும் எல்லா உறுப்புகளின் குறியும் மாறும் என்று சொல்லி, ஆசிரியர் 8 − க என்று திருத்துவார். விடை சரியாகிவிட்டது. ஆனால் தான் எழுதியது தவறு என்று அந்த மாணவர் தாமாகக் கண்டுகொள்ள வழி ஏதும் கிடைக்கவில்லை. க இருக்கும் இடத்தில் 4 போட்டுப் பார்த்திருந்தால், கேள்வியில் உள்ள கோவை 4 என்றும், அவர் எழுதிய விடை −2 என்றும் வந்திருக்கும். அரை நிமிட வேலை. சுருக்கும் கணக்கு ஒவ்வொன்றிலும் இந்தச் சோதனையைக் கட்டாயமான கடைசிப் படியாக்க வேண்டும்.

சுருக்குவது என்றால் எந்த எண்ணைப் போட்டாலும் மதிப்பு மாறாதபடி ஒரு கோவையை எளிமையாக எழுதுவது. இந்த அடிப்படையை விட்டுவிட்டு, ஒத்த உறுப்புகளைச் சேர், குறியை மாற்று, மேலும் கீழும் அடி என்று கட்டளைகளாகவே பாடம் நடக்கிறது. எளிமைப்படுத்துவதாக நினைத்து, ஏ என்றால் ஆப்பிள், பி என்றால் பனானா என்று தொடங்குவதும் வழக்கம். மூன்று ஆப்பிளும் இரண்டு ஆப்பிளும் ஐந்து ஆப்பிள் என்பது வரை வண்டி ஓடும். ஏ-யையும் பி-யையும் பெருக்கும்போது ஆப்பிளைப் பனானாவால் எப்படிப் பெருக்குவது? 1970களில் லண்டன் செல்சி கல்லூரி ஆய்வாளர்கள் இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கேக்கின் விலை சி பென்ஸ், ஒரு பன்னின் விலை பி பென்ஸ் என்றால், 4சி + 3பி எதைக் குறிக்கிறது? மொத்த விலையை என்பதே விடை. நான்கு கேக்கும் மூன்று பன்னும் என்றே பலர் சொன்னார்கள். எழுத்தைப் பொருளாகப் பார்க்கும் பழக்கம் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது. 628இல் பிரம்மஸ்புட சித்தாந்தம் எழுதிய பிரம்மகுப்தர் தெரியாத எண்களை நிறங்களின் பெயரால் குறித்தார். பெயர் நிறத்துடையது என்றாலும், அவர் கூட்டியதும் பெருக்கியதும் எண்களைத்தான்.

ஓர் எண்ணில் பொருந்தினால் விடை சரியாகிவிடுமா என்று கணித ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2க, க² இரண்டும் க = 2 எனும்போது 4தான்; 0 போட்டாலும் ஒன்றுபோலவே வரும். அதனால் 0, 1, 2 ஆகியவற்றைத் தவிர்த்து 3, 5, 7 போன்ற எண்களைப் போடச் சொல்லலாம். அப்போதும் பொருந்துவது நிரூபணம் ஆகாது. ஆனால் ஒரே ஓர் எண்ணில் பொருந்தாமல் போனாலும் விடை தவறு என்பது முழுமையாக நிரூபணமாகிவிடுகிறது. எதிர்காட்டு என்றால் என்ன என்று பதின்மூன்று வயதிலேயே புரியவைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. குறை எண்களில் தடுமாறும் பிள்ளைகள் சோதனையிலும் தடுமாறுவார்களே என்பது இன்னொரு கவலை. தடுமாறுவார்கள்தான். ஆனால் இயற்கணிதம் வரவில்லை என்று நாம் முடிவுகட்டும் பிள்ளைக்கு உண்மையில் முழுக்களின் கழித்தலே வரவில்லை என்பது அப்போதுதான் வெளியே தெரியும். பாடத்தை முடிக்க நேரமில்லை என்பதை நான் ஏற்கவில்லை. ஒரே பிழையை எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை திரும்பத் திரும்பத் திருத்தும் நேரம் யார் கணக்கில் சேர்கிறது?

பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகள் வரும்போது இந்தப் பழக்கம் இன்னும் அவசியமாகிறது. (க + 6)/(க + 2) என்பதில் க-வை அடித்துவிட்டு 3 என்று எழுதுபவர், 4 போட்டால் 10/6 வருவதைப் பார்த்ததும் நின்று யோசிப்பார். (க² − 4)/(க − 2) என்பதைக் க + 2 என்று சுருக்குவது சரி. ஆனால் அங்கே 2 போட்டால் பகுதி பூச்சியமாகிவிடும். க = 2 நீங்கலாக என்று ஏன் எழுத வேண்டும் என்பது அப்போது தானாக விளங்கும்.

வினாத்தாளில் வராத எதுவும் நம் வகுப்பறையில் நிலைப்பதில்லை. ஆகவே 'சுருக்குக' என்ற கேள்விக்குப் பக்கத்தில் வேறொரு வகைக் கேள்வியும் வரட்டும். தவறாகச் செய்த ஒரு கணக்கை அப்படியே அச்சிட்டு, எந்த வரியில் பிழை, அதைக் காட்டிக்கொடுக்கும் எண் எது என்று கேட்டு இரண்டு மதிப்பெண் தரலாம்.